தோளுக்குப் பின்னால் நிற்பவர்

சைக்கிள் சக்கரத்தின் அச்சில் சுழலும் எஃகுக் குண்டுகளை நம்மூர்க் கடைகளில் பால்ரஸ் குண்டு என்பார்கள். 1890-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபிட்ச்பர்க் என்ற ஊரில் இந்தக் குண்டுகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. குண்டுகளைச் சோதித்து அனுப்பும் வேலை அங்கே முழுக்கப் பெண்களுடையது. இடது புறங்கையில் இரண்டு விரல்களை ஒட்டினால் நடுவே ஒரு பள்ளம் விழும். அதில் குண்டுகளை வரிசையாக இட்டு, கடும் வெளிச்சத்தின் கீழ் உருட்டி உருட்டிப் பார்ப்பார்கள். நசுங்கியது, பதம் இளகியது, கீறல் பட்டது, சூட்டில் வெடித்தது என்று குறை நான்கு வகை. பழகாத கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குறையுள்ள குண்டை வலக்கைக் காந்தத்தால் எடுத்து அதற்கான பெட்டியில் போட வேண்டும். நாளுக்குப் பத்தரை மணி நேர வேலை. மொத்தம் 120 பெண்கள்.

ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-ல் வெளியிட்ட விஞ்ஞான மேலாண்மை நூலில் இவர்களுக்குச் சில பக்கங்கள் உண்டு. அந்த நூல் என்றாலே பெத்லஹேம் எஃகு ஆலையின் கூலித் தொழிலாளி கதையைத்தான் சொல்வார்கள். நாளுக்கு 12½ டன் இரும்புப் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தவரை 47½ டன் ஏற்றவைத்த கதை அது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஃபிட்ச்பர்க் பெண்களைப் பற்றிய பக்கங்களை. நானும் குறை கண்டுபிடித்துச் சம்பாதிப்பவள்தான். அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது என் தொழில். எனக்கு ஆட்டிசம் இருப்பதாக ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன்.

அந்த ஆலையில் டெய்லர் செய்த மாற்றங்களில் சிலவற்றை நானே கேட்டு வாங்கியிருப்பேன். பத்தரை மணி நேரம் எட்டரை ஆனது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாதபடி இருக்கைகளையும் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கூடிப் பேசிப் பழகியவர்களுக்கு அது தண்டனையாக இருந்திருக்கும். ஒரு கூடத்தின் இரைச்சலில் எழுத்தெல்லாம் மங்கிப்போகும் என் போன்றவளுக்கு அது பெரும் நிம்மதி. ஆனால் இது எதுவும் அந்தப் பெண்கள் கேட்டு வந்ததல்ல. நேரத்தைக் குறைக்கலாமா என்று முதலில் வாக்கெடுத்தபோது, பழையபடியே இருக்கட்டும், எந்தப் புதுமையும் வேண்டாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களைக் கேட்காமலே நேரம் குறைக்கப்பட்டது.

மாற்றத்தின் மறுபாதி இனித்தான். ஒவ்வொருத்தி செய்ததும் மணிக்கொரு முறை அளக்கப்பட்டது. பின்தங்கியவளிடம் என்ன கோளாறு என்று பார்க்க ஓர் ஆள் அனுப்பப்பட்டார். சோதித்த குண்டுகளை மறுநாள் நான்கு பெண்கள் மறுபடி சோதித்தார்கள். அந்த நால்வர் பார்த்ததைத் தலைமைச் சோதகர் பார்த்தார். அதுவும் போதாமல், நல்லது எத்தனை கெட்டது எத்தனை என்று முன்பே எண்ணிவைத்த குண்டுகளை அவர்களுக்குத் தெரியாமல் கலந்து அனுப்பினார்கள். கண்ணில் பட்டதும் கை எவ்வளவு விரைவில் அசைகிறது என்பதே தகுதி என்றானது. அதில் தேறாதவர்களை வேலையிலிருந்து அனுப்பினார்கள். போனவர்களில் பலர் மிகுந்த புத்திசாலிகள், கடும் உழைப்பாளிகள், முழுக்க நம்பத்தக்கவர்கள். இதை டெய்லரே எழுதியிருக்கிறார். கடைசியில் 120 பேர் செய்ததை 35 பேர் செய்தார்கள். கூலி 80 முதல் 100 விழுக்காடு வரை கூடியது. துல்லியமும் கூடியது என்கிறார்.

நம்பத்தக்கவள் என்று தெரிந்தே ஒருத்தியை அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களை நம்பாமல் மணிக்கொரு முறை அளந்த ஓர் ஏற்பாடு வெற்றிக் கதையாக அந்தப் பக்கங்களில் இருக்கிறது. இன்றைய அலுவலகங்களில் மைக்ரோமேனேஜ்மென்ட் என்று முணுமுணுக்கிறோமே, அதன் தொடக்கத்தை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

அந்த 120 பேரில் யாருக்கு ஆட்டிசம் இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு நிலையை அன்று யாரும் தனியாக அறிந்திருக்கவில்லை. டெய்லரின் நூல் வந்த அதே 1911-ல் ஸ்விட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் தன் நூலில் ஆட்டிசம் பற்றி எழுதினார். ஆனால் அவர் அதை ஸ்கிசோஃப்ரினியாவின் ஓர் அறிகுறியாகத்தான் கண்டார்.

வேலை செய்பவர்மேல் கண் வைப்பது டெய்லரோடு பிறந்ததல்ல. 1780-களில் ரஷ்யப் பேரரசின் கிரிச்சேவில், இளவரசர் பொட்டெம்கினின் பண்ணையில் வேலைபார்த்த சாமுவேல் பெந்தம், நடுவில் ஒருவர் இருந்து சுற்றிலும் எல்லோரையும் பார்க்கும்படி ஒரு பட்டறையைத் திட்டமிட்டார். அவருடைய அண்ணன் ஜெரமி அதைச் சிறைச்சாலைக்கான வரைபடமாக்கி 1791-ல் அச்சிட்டார். நம்மவர்களுக்கு இலங்கை மலையகம் இருக்கிறது. விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று பேர் பதிந்து, கங்காணி பின்னால் வரக் கொழுந்தெடுத்து, நிறுவையில் குறைந்தால் அரைநாள் கூலிக்கான அரைப் பேர் வாங்கிய பெண்களின் தலைமுறைகள் அங்கே உண்டு. அந்தக் கொடுமைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டெய்லர் செய்தது வேறொன்று. கங்காணியின் கண்ணுக்கு வேண்டியது ஆளும் எடையும். கொழுந்தை எப்படிக் கிள்ளுவது என்ற அறிவு பெண்ணின் விரலிலேயே இருந்தது. டெய்லர் அந்த அறிவைத்தான் எடுத்தார். எப்படிச் செய்வது என்பதைத் திட்ட அறை முடிவுசெய்யும், தொழிலாளி அதன்படி செய்தால் போதும் என்பது அவர் முறையின் அடித்தளம். செம்புக் கொல்லராக வேலை பழகிய ஹாரி பிரேவர்மன், 1974-ல் எழுதிய நூலில் இந்தப் பிரிவினையைத்தான் இருபதாம் நூற்றாண்டு வேலையின் மையமாக வைத்தார்.

ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிப்பாகத் தாக்குவது இந்த இடம். எங்களில் பலருக்கு ஒரு வேலையைச் செய்வதற்கென்று சொந்த வழி ஒன்று இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுற்றுவழியாகத் தெரியும். அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொருவரின் வழியைக் கையில் கொடுத்தால் வேலை எளிதாவதில்லை, வேலையே தெரியாமல் போய்விடுகிறது.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமையும் சேர்ந்தது. அதை நான் என் பெரியத்தையிடம் பார்த்தேன். அவர் டெலிபோன் ஆபரேட்டர். அந்த வேலையின் கதை அவருக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1878-ல் பாஸ்டனில் எம்மா நட் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதற்கு முன் அந்த வேலையிலிருந்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் முரட்டுத்தனமாகப் பேசினார்கள் என்பதால் பெண்களை எடுத்தார்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டும், பேசும் வாக்கியங்கள் வரையறுத்த வாக்கியங்களாக இருக்க வேண்டும். வரிசையாக அமர்ந்த பெண்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நடந்துகொண்டே இருப்பார். 1919-ல் நியூ இங்கிலாந்து முழுவதும் அந்தப் பெண்கள் ஜூலியா ஓகானர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து தொலைபேசிகளை ஊமையாக்கினார்கள். என் பெரியத்தை 1970-களில் சென்னையில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தார். ஹெட்செட், கயிறு கயிறாகத் தொங்கும் பிளக்குகள், ஒவ்வொரு அழைப்புக்கும் எழுதும் டிக்கெட். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நின்றால் சூப்பர்வைசர் மேடம் தன்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்துவிடுமாம். ஊர்களின் எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். “நம்பரு தப்பாப் போட்டேன்னு ஒரு நாளும் யாரும் சொன்னதில்லடி. குரல்ல கனிவு இல்லன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க” என்பார். டியூட்டி முடிந்து வந்தால் விளக்குப் போடாமல் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார். குழந்தைகள் யாரும் கிட்டே போகக் கூடாது. அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வேலையைத் தாண்டி முகத்தையும் குரலையும் சேர்த்து ஒருவர் கண்காணித்தால் பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்கிறேன்.

மருத்துவர்கள் எங்களைக் காணத் தவறிய வரலாற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சோவியத் மனநல மருத்துவர் குருன்யா சுகரேவா 1925-லேயே, ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் இயல்புகள் கொண்ட சிறுவர்களை நுணுக்கமாக விவரித்தார். 1927-ல் சிறுமிகளைப் பற்றியும் தனியாக எழுதினார். அதை உலகம் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. 1943-ல் லியோ கேனர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் சிறுவர்கள். 1944-ல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் சிறுவர்களே. முழுமையான வடிவில் இந்த நிலையைக் கொண்ட ஒரு சிறுமியையும் பார்த்ததில்லை என்றார் அவர். ஆனால் தான் பார்த்த பையன்களின் தாய்மார் சிலரிடம் அதே இயல்புகள் தெரிந்ததாகவும் அவரே குறிப்பிட்டார். அந்தத் தாய்மார்கள் கண்முன்னே நின்றிருக்கிறார்கள். அங்கே கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாயான லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1981-ல் ஆஸ்பெர்கரின் வேலையை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான், பேச்சுத் திறன் உள்ளவர்களுக்கும் இந்த நிலை இருக்கும் என்பது மெல்லப் பரவியது.

ஏன் தெரியவில்லை? என் பதில் வீட்டில் தொடங்குகிறது. கண்ணைப் பார்த்துப் பேசு. கையை ஆட்டாதே. வந்தவங்களை வாங்கன்னு கேளு. கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. ஆட்டிசத்தின் வெளி அடையாளங்கள் என்று பின்னாளில் எழுதப்பட்ட ஒவ்வொன்றும், பெண் பிள்ளை என்பதால் ஐந்து வயதிலிருந்தே என்னிடம் திருத்தப்பட்டது. அம்மா கொடுமைக்காரி அல்ல. அவரையும் அவர் அம்மா அப்படித்தான் வளர்த்தார். மருத்துவரிடம் போகும் வயதில் என்னிடம் பார்க்க எதுவும் மிச்சமிருக்கவில்லை. லண்டனில் லாரா ஹல்லும் கூட்டாளிகளும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள 92 பேர் இதையே பேசுகிறார்கள். பிறரைப் பார்த்து நகலெடுப்பது, உடலை அடக்குவது, பேசும் முன் ஒத்திகை பார்ப்பது, அத்தனைக்கும் பிறகு வரும் கடும் களைப்பு. மறைத்து வாழ்வது என்று நான் இதைச் சொல்வேன். ஆண்களும் மறைக்கிறார்கள். பெண்களுக்கு அதற்கான பயிற்சி முன்பே தொடங்கிவிடுகிறது.

இனி என் அலுவலகம். அயல்நாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் தயாரித்து அனுப்பும் நிறுவனங்கள் சென்னையில் பல உண்டு. அப்படி ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தேன். முதல் மேலாளர் காலையில் கட்டுரைகளை ஒதுக்குவார். மாலையில் ஃபைல் போய்ச் சேர்ந்தால் போதும், நடுவில் ஒன்றும் கேட்க மாட்டார். நான் ஒரு கட்டுரையை நான்கு நடை பார்ப்பேன். முதல் நடையில் எண்கள் மட்டும். அடுத்து ஆட்பெயர்களும் மேற்கோள் பட்டியலும். பிறகு அட்டவணைகள். கடைசியாகத்தான் வாசிப்பு, வரிக்கடியில் ஸ்டீல் ஸ்கேலை நகர்த்தியபடி. இப்படிப் பார்த்தால் பிற்பகல் வரை ஒரு பக்கம்கூட முடிந்ததாகக் கணக்கில் வராது. மாலையில் எல்லாப் பக்கமும் சேர்ந்து முடியும். என் ஃபைல்களில் பிழை குறைவு என்று எனக்குத்தான் கடினமான கட்டுரைகள் வரும்.

டீம் லீடர் மாறினார். மணிக்கொரு முறை எத்தனை பக்கம் முடிந்தது என்று எக்ஸெல் டிராக்கரில் போட வேண்டும் என்றார். பதினொரு மணிக்கு என் கட்டத்தில் சுழி. பன்னிரண்டுக்கும் சுழி. “என்ன மேடம், இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையா?” என்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எல்லாரையும் மாதிரி பக்கம் பக்கமாப் பாருங்க என்றார். அப்படிப் பார்க்க வைத்ததில் கட்டத்தில் எண்கள் ஏறின, பிழைகள் தப்பின. பிழை தப்பியதால் இன்னும் நெருங்கி நின்றார்.

பின்னால் ஒருவர் நிற்கும்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒரு வேலை இரண்டாகிவிடும். பக்கத்தையும் பார்க்க வேண்டும், வேலை செய்கிற பெண்ணைப் போலவும் தெரிய வேண்டும். காலை ஆட்டுவதை நிறுத்த வேண்டும். ஸ்கேலை மேசைக்குள் தள்ள வேண்டும். புருவத்தைத் தளர்த்த வேண்டும். அவர் கேட்கப்போகும் கேள்விக்கான வாக்கியத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும், திரும்பும்போது எவ்வளவு நேரம் கண்ணைப் பார்ப்பது என்று கணக்கிட வேண்டும். பக்கத்தைப் பார்க்கப் பயன்பட வேண்டிய அதே கவனம் இதற்கெல்லாம் போய்விடும். அவர் நகர்ந்த பிறகும் அது உடனே திரும்பாது. 2005-ல் டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒரு சமயத்தில் மிகச் சில விஷயங்களில் மட்டும், ஆனால் மிக ஆழமாகப் பாயும் என்பது அதன் சாரம். அங்கிருந்து இழுத்து வெளியே எடுத்தால் மறுபடி உள்ளே போக நெடுநேரம் பிடிக்கும். என்னைப் பற்றி யாரும் எழுதியதில் எனக்கு மிகச் சரியாகப் பட்டது அதுதான். மணிக்கொரு அப்டேட் என்பது மணிக்கொரு முறை அப்படி இழுத்தெடுப்பது.

நான் உதவியே கேட்கவில்லை என்றில்லை. எந்த இதழுக்கு எந்த நடைவிதி, எது அவசரம், இரண்டு விதிகள் மோதினால் எது மேல் என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். தெளிவாகச் சொல்லப்படாத விதி எனக்கு வதை. ஆனால் எழுத்தில் கேட்பவள் சொந்தமாக யோசிக்கத் தெரியாதவள் என்று எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பு இன்னும் கூடியது. என்ன வேண்டும் என்று விவரமாக எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதும், எதுவும் எழுதிக் கொடுக்காமல் பக்கத்திலேயே நிற்பதும் நேரெதிரானவை. இந்த வேறுபாடு தெரியாமலே நல்ல மனம் கொண்ட மேலாளர்கள்கூட எங்களை உடைத்துவிடுகிறார்கள்.

அதே கூடத்தில் ஓர் ஆண் இருந்தார். யாரோடும் பேச மாட்டார், தனியாகச் சாப்பிடுவார், காதில் எப்போதும் ஹெட்ஃபோன். அவரை “டெக் ஆளு, அவரை விட்ருங்க” என்பார்கள். என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். ஆண்டு மதிப்பீட்டில் என் பிழை விகிதத்துக்கு ஒரு வரி, பழகும் தன்மைக்கு ஒரு பத்தி.

வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. காபி வேண்டுமா என்று அம்மா கேட்டால் வேண்டுமா வேண்டாமா என்பதே தெரியாது. பிறகு பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை கூட்ட முடியாமல் போனது, குக்கர் விசில் உடம்பில் அடிப்பதுபோல் விழுந்தது. எந்த எழுத்துகளை வைத்து வாழ்ந்தேனோ அவை வெறும் கோடுகளாயின. டோரா ரேமேக்கரும் கூட்டாளிகளும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் இதை ஆட்டிசம் சார்ந்த எரிந்துபோதல் என்று விவரிக்கிறார்கள். தீராத களைப்பு, இருந்த திறன்கள் கைநழுவுவது, ஒலியும் ஒளியும் தாங்க முடியாமல் போவது. வேலையை விட்டேன். மாதக்கணக்கில் எதையும் வாசிக்கவில்லை.

கண்காணித்தால் வேலை கூடும் என்பவர்கள் ஹாதார்ன் ஆய்வைச் சொல்வார்கள். 1927-ல் சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, டெலிபோன் ரிலே பூட்டவைத்து, ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். உற்பத்தி ஏறியது. கவனிக்கப்படுவதாலேயே ஏறியது என்று அது புகழ்பெற்றுவிட்டது. இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928-ல் இருவரை மாற்றினார்கள். மிஞ்சியவர்களிடம் அந்த அறை ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, பெரிய கூடத்தில் இருந்த மாதிரி தலைக்கு மேல் முதலாளி இல்லை, சுதந்திரமாக இருக்கிறோம் என்று சொன்னார்கள். ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939-ல் வெளியிட்ட அறிக்கை நூலில் இது இருக்கிறது.

மறுத்தவர்களும் உண்டு. டெய்லரின் நூல் வந்த அதே 1911-ன் ஆகஸ்டில், பாஸ்டன் அருகே வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் தங்கள் வேலையை அளக்க வந்த ஸ்டாப்வாட்ச்சைக் கண்டதும் வெளியேறினார்கள். அந்த விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. 1915 முதல் ராணுவ வரவுசெலவுப் பணத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளக்கத் தடை வந்தது. அது 1949 வரை நீடித்தது. அவர்கள் ஆண்கள், சங்கம் இருந்தது. அவர்கள் கேட்டதும் எனக்குப் புரிகிறது: தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பது அவமதிப்பு.

இந்தியாவில் 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை முழுமையாகச் சேர்த்தது. அரசு வேலைகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் 1 விழுக்காடு ஆட்டிசம் உள்ளிட்ட சில நிலைகளுக்குப் பொதுவாக இருக்கிறது. அரசு நிறுவனங்கள் தகுந்த ஏற்பாடு செய்துதர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சாய்வுதளம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. மணிக்கொரு முறை கேட்காதீர்கள் என்பதும் ஒரு சாய்வுதளம்தான் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ‘நல்லாத்தானே பேசுறீங்க’ என்பதை நான் சான்றிதழுக்குப் போன இடத்திலும் கேட்டேன்.

இப்போது ஒரு சிறிய பதிப்பகத்தில் இருக்கிறேன். சேரும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வாரத்துக்கான வேலை எழுத்தில் வேண்டும், எது எந்தத் தேதிக்கு என்று. வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்து பேசலாம். நடுவில் கேள்வி இருந்தால் மெயில் அனுப்புங்கள், நண்பகலுக்குள் பதில் தருவேன். என் நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்கேல் மேசைமேல் இருக்கும். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, இதில் எனக்கும் வேலை குறையுதேம்மா என்றார். அடுத்த ஆண்டு அங்கே இன்னும் இருவர் இதே ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் இருவருக்கும் ஆட்டிசம் இல்லை.